கருப்பு மஸ்டாங் முழுக்க சுருள் கோடு, வீட்லயே சரி பண்ண முடியுமா?

கருப்புக்குதிரை, சென்னை:

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல 2017 மஸ்டாங் ஜிடி ஒண்ணு எடுத்தேன், கருப்பு கலர், 5 லிட்டர் வி8. பல வருஷமா காசு சேத்து எடுத்தது. பகல்ல நிழல்ல நிறுத்தி பாத்தப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. முந்தாநாள் ராத்திரி பெட்ரோல் பங்க்ல அந்த வெள்ள லைட்டுக்கு அடியில நின்னப்ப தான் பாக்குறேன், பானெட் ரூஃப் டிக்கி எல்லாத்துலயும் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு, அப்டியே பக்குனு ஆயிடுச்சு. அதுக்கு மேல எங்க அபார்ட்மென்ட் போர் தண்ணி வெள்ளை வெள்ளையா புள்ளி விட்டு வச்சிருக்கு.

ஒரு கடையில கேட்டேன், மேல செராமிக் கோட்டிங் அடிச்சா எல்லாம் மறஞ்சிடும்னாங்க. இன்னொரு கடையில மூணு தடவ காம்பவுண்டு, அதான் பெயிண்ட தேய்க்கிற பசை, போடணும்னாங்க. ரெண்டு பேருமே வண்டிய கிட்ட வந்து கூட சரியா பாக்கல, அது தான் எனக்கு மனசு ஒப்பல. அதனால நானே கத்துக்கிட்டு பண்ணலாம்னு இருக்கேன். மெஷின் எதுவும் இல்ல. ஸ்டில்ட் பார்க்கிங், ஒரு பிளக் பாயின்ட் இருக்கு, சனி ஞாயிறு டைம் இருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

கோவை தேர்டுகியர்:

வாழ்த்துக்கள்ங்க, நல்ல வண்டி. முதல்ல ஒரு கேள்வி, தினமும் காலைல யாரு தொடைக்கிறாங்க? ஏன்னா அந்த கோடு எல்லாம் ரோட்டுல ஓடி வந்ததில்லீங்க, தொடச்சு தொடச்சு வந்தது. அது வட்டமா தெரியுதே தவிர உண்மையில வட்டமே இல்ல, நாலா பக்கமும் போற பொடி பொடி கீறல் தான், லைட்டு ஒரு புள்ளியில இருந்து விழுறப்ப அந்த புள்ளிய சுத்தி இருக்கற கீறல் மட்டும் மின்னுது, அதனால வட்டமா தெரியுது. போன் டார்ச்ச நகத்தி பாருங்க, வட்டமும் கூடவே நகரும்.

கருப்புக்குதிரை, சென்னை:

நகருது! இப்ப தான் கீழ போயி பாத்துட்டு வந்தேன். தினமும் ஒரு அண்ணன் தொடைக்கிறாரு, பழைய ஓனர் வீட்லயும் அதே மாதிரி ஆள் வச்சிருந்தாராம். அவரு பாவம் நல்ல மனுஷன், ஒரு பக்கெட் தண்ணி ஒரு துணி, அதுலயே பதினஞ்சு வண்டி.

பூத் பெயிண்டர், அம்பத்தூர்:

தம்பி, நான் 24 வருஷமா பெயிண்ட் பூத்துல வேல பாக்குறவன். அந்த அண்ணன் மேல தப்பு இல்ல, அந்த பக்கெட் மேல தான் தப்பு. முதல் வண்டியில எடுத்த மண்ணு பதினஞ்சாவது வண்டியில தேய்க்குது. ராத்திரி பூரா உக்காந்த தூசு மேல ஈரத்துணி வச்சு இழுக்கிறது வாட்டர் பேப்பர் போட்டு இழுக்கிற மாதிரி தான். அவருக்கு குடுக்கிற காச நிறுத்தாதீங்க, பாடிய மட்டும் தொட வேண்டாம்னு சொல்லுங்க, கண்ணாடியும் டயரும் பாத்துக்கட்டும்.

அடுத்து செராமிக். கோடு மேல அத அடிச்சா கோடு உள்ள அப்டியே மாட்டிக்கும், கண்ணாடி பெட்டிக்குள்ள வச்ச மாதிரி. லேசான கோடு கொஞ்சம் மங்கலா தெரியலாம், அவ்ளோ தான். அப்புறம் 9எச் 9எச்னு சொல்றாங்களே, அது பென்சில் கடினத்த வச்சு பாக்குற டெஸ்டு. எச்பி பென்சில் 2எச் பென்சில் இருக்குல்ல, அந்த வரிசையில 9எச். வைரம் மாதிரி கெட்டினு நெனச்சுக்காதீங்க. மணல் துணியால தேச்சா அதுலயும் கோடு விழும். கோட்டிங்கே வேணாம்னு சொல்லல, நல்லது தான், தண்ணி நிக்காம ஓடும், அழுக்கு சீக்கிரம் விடும், கழுவுறது சுலபம். ஆனா அது கடைசி வேல.

முதல் வேல அளக்கிறது. நீங்க காசு குடுத்து வாங்கின பெயிண்ட் மொத்தமும், பிரைமர், கலர், அதுக்கு மேல அடிக்கிற கலர் இல்லாத லேக்கர் எல்லாம் சேத்து, கம்பெனியில வர்றது சுமார் 100லேர்ந்து 150 மைக்ரான். ஒரு ஜெராக்ஸ் பேப்பர் 100 மைக்ரான் கனம். அதுல உங்க கோடு இருக்கற லேக்கர் 40, 50 தான் இருக்கும், பாதி பேப்பர். பாலிஷ் பண்றதுனா கோட்ட "எடுக்கிறது" இல்ல தம்பி, கோட்ட சுத்தி இருக்கற லேக்கர கோட்டு ஆழத்துக்கு எறக்கறது. எறக்கினது திரும்பி வராது. பழைய ஓனர் எத்தன தடவ பஃபிங் போட்டாருனு உங்களுக்கு தெரியாது, அந்த மூணு தடவ காம்பவுண்டு சொன்னவருக்கும் தெரியாது. அளக்காம மெஷின் வைக்காதீங்க.

மதுர வாசகி:

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் ஓட்டுறது ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் இல்ல, ஆனா வண்டிய உசுரா வச்சிருக்கேன். எங்கப்பா 20 வருஷமா ஒரு ரூபா ஷாம்பூ சாஷே போட்டு பழைய பனியன் துணியால தான் கழுவுறாரு, வண்டி பளிச்சுனு தான் இருக்கு. அப்ப அது தப்பா?

கோவை தேர்டுகியர்:

அப்பா வண்டி என்ன கலருங்க? வெள்ளையோ சில்வரோவா இருந்தா கோடு இருந்தாலும் கண்ணுக்கு தெரியாது, கருப்புல ஒளிய வழியே இல்ல. தல ஷாம்பூ ஒண்ணும் பெயிண்ட கொல்லாது, பாத்திரம் கழுவுற லிக்விட், துணி சோப்பு பவுடர விட அது எவ்வளவோ மேல், அதுக எண்ணெய் பசைய எடுக்க செஞ்சது, மேல இருக்கற வேக்ஸையும் சேத்து வழிச்சு எடுத்துரும். ஆனா கார் ஷாம்பூவுல வழுவழுப்பு அதிகமுங்க, மண்ணு துகள் பெயிண்ட் மேல உரசாம வழுக்கிட்டு வர்றதுக்கு. பனியன் துணி தான் பிரச்சன. அது தட்டையா இருக்கும், மண்ணு ஒதுங்க எடமே கிடையாது. மைக்ரோஃபைபர்ல இழைக்கு நடுவுல மண்ணு உள்ள போயிடும்.

நான் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேக்கு பழைய போலோவ எடுத்துட்டு அப்பப்ப போவேன், திரும்பி வர்றப்ப வீல் ஆர்ச் பூரா உருகின ரப்பர் துணுக்கு, பிரேக் தூசு, தார் ஒட்டி கெடக்கும். அத கழுவி கழுவி கத்துக்கிட்டத சொல்றேன். வீல முதல்ல கழுவணும், பாடிய அப்புறம். வீல் நல்லா ஆறணும், சூடான டிஸ்க் மேல பச்ச தண்ணி அடிக்காதீங்க. வீலுக்கு தனி பக்கெட், தனி பிரஷ், தனி துணி, அது பாடி பக்கமே வரக்கூடாது. பிரேக் தூசுங்கிறது இரும்பு பொடி, சூட்டோட வந்து வீல் மேல குத்தி உக்காந்துக்கும், தேச்சா போகாது. அயர்ன் ரிமூவர்னு ஒரு ஸ்ப்ரே இருக்குங்க, அடிச்சு ரெண்டு மூணு நிமிஷத்துல அழுக்கு ஊதாவா மாறி ரத்தம் மாதிரி வழியும், நாத்தம் கொடலப் பொரட்டும், ஆனா வேல செய்யும். நிழல்ல மட்டும் அடிங்க, காய விடாதீங்க. ஆசிட் வச்ச வீல் கிளீனர் வாங்கிடாதீங்க.

பாடிக்கு ரெண்டு பக்கெட். ஒண்ணு ஷாம்பூ, ஒண்ணு வெறும் தண்ணி, ரெண்டுலயும் அடியில கிரிட் கார்டுங்கிற ஓட்ட தட்டு. முதல்ல தொடாம தண்ணி அடிச்சு, நொர போட்டு அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி தண்ணி அடிச்சு, அப்புறம் தான் கைய வைக்கணும். மேலேர்ந்து கீழ, நேர் கோடா, அமுக்காம. ஒரு பேனல் முடிஞ்சதும் வெறும் தண்ணியில மிட்ட, அதான் கையில மாட்டி கழுவுற மைக்ரோஃபைபர் உறைய, அலசி அப்புறம் ஷாம்பூவுல. கதவோட கீழ்ப்பாதி, பின் பம்பர் கடைசி, அங்க தான் மண்ணு ஜாஸ்தி. பிரஷர் வாஷர் இருந்தா பச்ச நாசில் இல்லன்னா வெள்ள நாசில், செவப்பு நாசில வண்டி பக்கமே எடுத்துட்டு போயிடாதீங்க, அது ஒரே கம்பி மாதிரி அடிக்கும், பெயிண்ட் உரிஞ்சிரும்.

கருப்புக்குதிரை, சென்னை:

ரொம்ப நன்றிண்ணா. தண்ணி தான் எனக்கு பெரிய தலவலி. தண்ணியில உப்பு எவ்ளோ கரஞ்சிருக்குனு காட்டுற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு 300 ரூபாய்க்குள்ள வாங்கி பாத்தேன், எங்க போர் தண்ணி 1,180 காட்டுது. கழுவி முடிச்சு தொடைக்கறதுக்குள்ள பானெட்ல புள்ளி விழுந்துடுது. ஆர்ஓ மெஷின்லேர்ந்து வெளிய போற வேஸ்ட் தண்ணி தினமும் ஒரு குடம் வீணாகுது, அதுல கழுவலாமா?

மதுர வாசகி:

ஐயோ நான் அதுல தான் கழுவுறேன்!

பூத் பெயிண்டர், அம்பத்தூர்:

வேணாம்மா. ஆர்ஓ மெஷின் நல்ல தண்ணிய ஒரு பக்கம் எடுத்துட்டு உப்ப எல்லாம் இந்த பக்கம் தள்ளுது, அது போர் தண்ணிய விட மோசம். மாப் போடுங்க, வண்டிக்கு வேணாம்.

தம்பி, வீட்ல ஏசி இருக்குல்ல, அந்த பைப்ல சொட்டுற தண்ணிய ஒரு மூடி போட்ட வாளியில புடிச்சு மீட்டர் வச்சு பாருங்க. அது காத்துல இருக்கற ஈரம் குளுந்து சொட்டுற தண்ணி, உப்பு ரொம்ப கம்மி. எங்க கடையில அதுல தான் கடைசி அலசல். குடிக்கிறதுக்கு இல்ல, வண்டிக்கு அது தான் பன்னீர். ஒரு நல்ல துணியில வடிகட்டிக்கோங்க.

இருக்கற வெள்ள புள்ளிக்கு, வெள்ள வினிகர்ல சம அளவு அந்த ஏசி தண்ணிய கலந்து, நிழல்ல, பேனல் குளுமையா இருக்கறப்ப, துணிய நனச்சு புள்ளி மேல ஒரு நிமிஷம் போட்டு வச்சு அலசுங்க. சுண்ணாம்பு மேலாப்ல இருந்தா கரஞ்சு போயிடும். போகலன்னா லேக்கர தின்னு குழி பண்ணிடுச்சுனு அர்த்தம், அது பாலிஷ்ல தான் போகும், சில சமயம் அதுலயும் போகாது.

ஸ்னோ எம்எக்ஸ், டொரொண்டோ:

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில. என்னட்ட ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 நிக்குது, துணிக் கூரை. இங்க குளிர் காலத்தில ரோட்டுக்கு உப்பு கொட்டுவினம், அதால நவம்பரோட நான் காரை கராஜுக்க விட்டிடுவன், ஏப்ரல் மழை வந்து உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போன பிறகுதான் வெளியில எடுக்கிறது.

தண்ணியைப் பற்றிக் கதைக்கிறீங்கள், அதுக்குத்தான் எழுதுறன். எங்கட கட்டடத்தில நிலக்கீழ் பார்க்கிங்கில ஹோஸ் பிடிக்க விடமாட்டினம். அதால நான் ரின்ஸ்லெஸ் வாஷ் தான் செய்யிறனான். ஒரு வாளி, எட்டு ஒன்பது லீட்டர் தண்ணி, அதுக்குள்ள கொஞ்சம் அந்த லிக்விட். எட்டுப் பத்துத் துவாயை ஊறப்போட்டு, ஒரு துவாயை நாலா மடிச்சு, ஒரு பக்கத்தால ஒரு பனல், பிறகு மற்றப் பக்கம். பாவிச்ச துவாயைத் திரும்ப வாளிக்க வைக்கக்கூடாது, அதுதான் முழு விசயமும். அலசத் தேவையில்லை, பிறகு காய்ஞ்ச துவாயால ஒத்தி எடுத்தாச் சரி. ஒன்பது லீட்டர் எண்டால் உங்கட ஏசித் தண்ணியே காணும் தானே? ஆனால் சேறு பூசின காருக்கு இது சரிவராது, முதல்ல தண்ணி அடிச்சுத்தான் ஆகவேணும்.

துணிக் கூரை வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டு, மெழுகு கிழுகு ஒண்டும் அதில படக்கூடாது. மெல்லிய பிரஷ், துணிக் கூரைக்கெண்டு விக்கிற கிளீனர், காய்ஞ்ச பிறகு தண்ணி ஒட்டாத ஸ்ப்ரே. கூரை மடியிற இடத்தில தண்ணி வடியிற ஓட்டைகள் இருக்கும், இலை குப்பை அடைச்சால் தண்ணி சீட்டுக்குப் பின்னால இறங்கும். கழுவுறதை விட அதைப் பாக்கிறது முக்கியம்.

கருப்புக்குதிரை, சென்னை:

அண்ணே இது அருமையான விஷயம், 2019ல சென்னையில ஏரி எல்லாம் வத்தி லாரி தண்ணிக்கு க்யூல நின்னப்போ எங்க அசோசியேஷன் ஹோஸ்ல வண்டி கழுவக்கூடாதுனு ரூல் போட்டாங்க, இன்னும் எடுக்கல. ஏசி தண்ணி மீட்டர்ல 22 காட்டுது! ஒரு ராத்திரிக்கு ஒரு வாளி நெறயுது. இத்தன நாள் ஜன்னல் வழியா கீழ கொட்டிட்டு இருந்தேன்.

பெயிண்டர் அண்ணே, பெயிண்ட் கனத்த அளக்குற கேஜ் எங்க கிடைக்கும்? ஆன்லைன்ல ஒண்ணு விலை கம்மியா இருக்கு, காந்தம் மாதிரி ஒட்டுற டைப்.

பூத் பெயிண்டர், அம்பத்தூர்:

வாங்காதீங்க. உங்க வண்டியில பானெட்டும் முன்னாடி ரெண்டு ஃபெண்டரும் அலுமினியம், காந்தம் ஒட்டவே ஒட்டாது. இரும்பு அலுமினியம் ரெண்டும் படிக்கிற கேஜ் வேணும். ஒரு காந்தத்த துணியில சுத்தி வச்சு பாத்துக்கோங்க, கதவுல ஒட்டும், பானெட்ல ஒட்டாது. பம்பர் பிளாஸ்டிக், அத எந்த சாதாரண கேஜும் படிக்காது. நம்ம கடையில கேஜ் இருக்கு, ஒரு வாரம் வச்சிருந்து குடுங்க. ஒவ்வொரு பேனல்லயும் ஏழெட்டு எடத்துல வச்சு எழுதிக்கோங்க, நடுவுல மட்டும் இல்ல, ஓரத்துலயும்.

கருப்புக்குதிரை, சென்னை:

அளந்துட்டேன். ரூஃப் 118லேர்ந்து 126. கதவு ரெண்டும் 110 சுமார். பானெட் 104, 109 இந்த மாதிரி. இடது முன் ஃபெண்டர் 240க்கு மேல, ஒரு எடத்துல 265. டிக்கி நடுவுல 112, ஆனா ஓரத்துல ஒரு எடத்துல 79 தான் காட்டுது, மூணு தடவ வச்சு பாத்தேன் அதே தான். அந்த எடத்துல ஒரு ஆழமான கோடும் இருக்கு.

பூத் பெயிண்டர், அம்பத்தூர்:

ஃபெண்டர் மறுபடி பெயிண்ட் அடிச்சது தம்பி, எங்கயோ ஒரசியிருக்கு. 265ங்கிறது கம்பெனி பெயிண்டுக்கு மேல ரெண்டாவது தடவ அடிச்ச பெயிண்ட், பட்டி அதிகமா இருந்தா 500, 1000னு போகும், அதனால பயப்படாதீங்க. ஆனா வெளிய அடிச்ச லேக்கர் கம்பெனி லேக்கர் மாதிரி வெட்டாது, தனியா டெஸ்டு பாக்கணும். டிக்கி ஓரம் 79, அங்க யாரோ ஏற்கனவே மெஷின நல்லா அமுக்கி ஓட்டியிருக்காங்க. அந்த எடத்த டேப் ஒட்டி மூடிடுங்க. அந்த கோடு அங்கயே இருக்கட்டும். கருப்பு போயி உள்ள பிரைமர் தெரிஞ்சா டிக்கி முழுக்க பெயிண்ட் அடிக்கணும், ஒரு கோட்டுக்காக அத செய்யாதீங்க.

கோவை தேர்டுகியர்:

மெஷின் வாங்கறப்ப டிஏ பாலிஷர் வாங்குங்க, பட்டறையில இருக்கற ரோட்டரி வேண்டாம். ரோட்டரி ஒரே எடத்துல சுத்தும், ஓரத்துல ரெண்டு செகண்ட் நின்னா லேக்கர் தீஞ்சு போயிரும். டிஏ சுத்திக்கிட்டே ஆடும், அவ்ளோ சீக்கிரம் சூடு ஏறாது, புதுசா பண்றவங்களுக்கு அது தான். தட்டுல மார்க்கர் பேனாவால ஒரு கோடு போட்டுக்கோங்க, கோடு சுத்துறது தெரியலன்னா ஜாஸ்தி அமுக்கறீங்கனு அர்த்தம்.

அதுக்கு முன்னாடி களிமண் கட்டி, கிளே பார். கழுவின பேனல் மேல பாலிதீன் கவர் கையில மாட்டி தடவுங்க, சொரசொரன்னு இருந்தா கிளே தேவை. வழுவழுன்னா விட்டுருங்க, ஏன்னா கிளேயும் லேசா கோடு போடும். கீழ விழுந்தா அந்த கட்டிய தூக்கி போடுங்க, கழுவி திரும்ப வைக்காதீங்க, மண்ணு உள்ள ஏறியிருக்கும்.

பாலிஷ்ல எப்பவும் சாதுவானதுலேர்ந்து ஆரம்பிக்கணுங்க. பானெட்ல ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி டேப் கட்டி, மெத்து பேடு, மெல்லிசு பாலிஷ், குறுக்க நெடுக்க நாலு பாஸ். தொடச்சிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல தண்ணி கலந்து இன்னொரு தடவ தொடைங்க, ஏன்னா பாலிஷ்ல இருக்கற எண்ணெய் கோட்ட நிரப்பி ஏமாத்தும், ரெண்டு கழுவல்ல திரும்பி வந்துரும். அப்புறம் டார்ச் அடிச்சு பாருங்க. போதும்னா அதே தான் மொத்த வண்டிக்கும். பத்தலன்னா மட்டும் அடுத்த பேடு.

கருப்புக்குதிரை, சென்னை:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். முடிச்சுட்டேன். மொத்தம் 19 மணி நேரம், நாலு நாள், தினமும் காலைல 5 மணிக்கு ஆரம்பிச்சு 10க்குள்ள நிறுத்திட்டேன், அதுக்கு மேல ஸ்டில்ட்ல கூட பேனல் சூடாகி பாலிஷ் காஞ்சு பவுடராகி ஒட்டிக்குது.

மெத்து பேடுலயே முக்கால்வாசி போயிடுச்சு. பானெட்ல அந்த டேப்ப உரிச்சப்ப ஒரு பக்கம் சாம்பலா மங்கலா, இந்த பக்கம் கிணத்து தண்ணி மாதிரி ஆழமான கருப்பு, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். என் பொண்ணு வந்து பானெட்ல மொகம் பாத்து பல்லு விளக்குற மாதிரி நடிச்சா. ரூஃபுக்கு மட்டும் ஒரு படி கெட்டியான பேடு போட வேண்டியிருந்துச்சு. திரும்ப அளந்தேன், எங்கயும் ரெண்டு மூணு மைக்ரானுக்கு மேல குறையல, கேஜே அவ்ளோ முன்ன பின்ன காட்டும்ல, அதனால நிம்மதி. மேல வேக்ஸ் மாதிரி பூசுற சீலன்ட் தான் போட்டேன், செராமிக் இப்ப வேணாம்னு முடிவு பண்ணிட்டேன், முதல்ல ஒரு வருஷம் ஒழுங்கா கழுவ கத்துக்கறேன்.

தொடைக்கிற அண்ணன்கிட்ட டார்ச் அடிச்சு பழைய டிக்கி ஓரத்தையும் புது பானெட்டையும் காட்டினேன், ரொம்ப நேரம் பாத்தாரு. அவருக்கு ஆறு மைக்ரோஃபைபர் துணியும் ரெண்டாவது பக்கெட்டும் வாங்கி குடுத்தேன், மத்த வண்டிக்கும் யூஸ் பண்றாரு.

மதுர வாசகி:

கேக்கவே சந்தோஷமா இருக்கு அண்ணா. நானும் ஏசி தண்ணி புடிக்க ஆரம்பிச்சிட்டேன். ஒரு டவுட்டு, மைக்ரோஃபைபர வாஷிங் மெஷின்ல போடலாமா? அப்புறம் எங்க தெருவுல புங்க மரம், காக்கா எச்சம் தினமும் ரெண்டு எடத்துல இருக்கும், கவர் போட்டு மூடிடவா?

கோவை தேர்டுகியர்:

மெஷின்ல போடலாமுங்க, தனியா போடணும், காட்டன் துணியோட போட்டா நூல் பஞ்செல்லாம் ஏறிக்கும். துணி மெத்துன்னு ஆக ஊத்துற கண்டிஷனர் மட்டும் ஊத்திடாதீங்க, இழைய அடச்சிரும், தண்ணிய உறிஞ்சாது. நிழல்ல காய வைங்க. கவர் வேண்டாம், தூசு இருக்கற வண்டி மேல கவர் போட்டா காத்துல அது ஆடி ஆடி தேச்சுக்கிட்டே இருக்கும். எச்சம் தான் அவசரம், நம்ம ஊரு வெயில்ல லேக்கர் சூட்டுல எளகி, சாயங்காலம் ஆறி சுருங்கறப்ப எச்சத்தோட வடிவத்துலயே இறுகிக்கும், அப்புறம் அந்த தடம் போகாது. டிஷ்யூ பேப்பர நனச்சு அது மேல பத்து நிமிஷம் போட்டு வைங்க, ஊறினதும் அப்டியே தூக்கி எடுங்க, தேய்க்காதீங்க. டேஷ்போர்டுல ஒரு பாட்டிலும் டிஷ்யூவும் எப்பவும் இருக்கட்டும்.

ஸ்னோ எம்எக்ஸ், டொரொண்டோ:

தம்பி, வாசிக்கச் சந்தோசமாக் கிடக்கு. உள்ளுக்கு என்ன செய்தனீங்கள்? ஸ்டியரிங்கை மறந்திடாதேங்கோ, பழைய கார் எண்டால் கை எண்ணெய் பிடிச்சு மினுங்கும். தோல் மினுங்கினால் அழுக்கு, மங்கலா இருந்தால் தான் சுத்தம். டாஷ்போர்டுக்கு அந்த மினுங்கிற பாலிஷ் பூசாதேங்கோ, வெயிலுக்கு முன் கண்ணாடியில பட்டுத் தெறிச்சு ரோட்டே தெரியாது, உந்தக் காருக்கு அது ஆபத்து.

கருப்புக்குதிரை, சென்னை:

ஸ்டியரிங் தொடச்ச துணி டீ கலர்ல வந்துச்சுண்ணே. இன்னும் சீட்டு பண்ணல.

பெயிண்டர் அண்ணே, ஒண்ணே ஒண்ணு. அந்த இடது ஃபெண்டர்ல பாலிஷ் போட்டப்ப மத்த எடத்த விட சீக்கிரம் வெட்டுச்சு, பேடுல ஏதோ லேசா மங்கலா படிஞ்சுது, கருப்பானு தெரியல. ஒரு பாஸ்லயே நிறுத்திட்டேன். சரியா தான் இருக்கு, ஆனா வெயில்ல பாத்தா கதவோட சேர்ற எடத்துல ஒரு சின்ன கலர் வித்தியாசம் இப்ப தெரியற மாதிரி இருக்கு.

பூத் பெயிண்டர், அம்பத்தூர்:

நிறுத்தினது நல்லது. இனிமே அந்த ஃபெண்டர்ல மெஷின் வைக்காதீங்க. பேடுல கருப்பு ஏறியிருந்தா லேக்கர் அங்க ரொம்ப மெல்லிசா அடிச்சிருக்காங்கனு அர்த்தம், சும்மா பாலிஷ் அழுக்கா இருந்தா பிரச்சன இல்ல, அந்த பேட கழுவாம எடுத்து வைங்க. கலர் வித்தியாசம் நீங்க பண்ணதில்ல, முன்னாடியே இருந்தது, கோட்டு மங்கல்ல மறஞ்சிருந்துச்சு. ஞாயித்துக்கிழம கேஜ் திருப்பி குடுக்க வர்றப்ப பைக்ல வராம வண்டியவே எடுத்துட்டு வாங்க, காலைல 8 மணிக்கு முன்னாடி, பூத் லைட்டுக்கு அடியில நிறுத்தி நானே பாக்குறேன்.